கிண்ணக் காற்றுவேகமானியைச் சரிபார்க்க: காரா, கைக்கருவியா, விமான நிலையமா, மேசை விசிறியா?

மொட்டை மாடியில் நிற்கும் காற்றுவேகமானி குறைத்துக் காட்டுகிறது என்று தோன்றினால், மென்பொருளில் பெருக்கு எண்ணை, அதாவது அளவைப் பெருக்கித் திருத்தும் எண்ணை, மாற்றத்தான் முதலில் கை போகும். அதற்கு முன் தெரிய வேண்டியது, குறை கருவியிலா அது நிற்கும் இடத்திலா என்பதுதான். கருவியின் குறையை எண்ணால் திருத்தலாம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும் காற்றை எந்த எண்ணும் மீட்டுத் தராது. நான்கு வழிகளையும் இதை மனதில் வைத்தே எடைபோட வேண்டும்.

எதற்கும் முன்னால், பல்ஸ் எண்ணிக்கை

கிண்ணத்தோடு சுழலும் காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்) மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின்துடிப்பு. மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (மின்சுற்று மூடினால் ஒலிக்கும் நிலை) வைத்து, கிண்ணத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்பி, எத்தனை முறை ஒலிக்கிறது என்று பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் மலிவு வகையில் நொடிக்கு ஒரு பல்ஸ் என்றால் மணிக்கு 2.4 கி.மீ. டேவிஸ் வான்டேஜ் புரோ 2 என்ற வானிலை நிலையக் கருவியில் நொடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 2.25 மைல். பல்ஸையும் சுற்றையும் குழப்பிக்கொண்ட நிரல் அளவை அப்படியே இரட்டிப்பாக்கும், அல்லது பாதியாக்கும்.

சந்தேகம் இருந்தால் ஸ்கேல் போதும். காற்றின் வேகம் கிண்ண மையத்தின் வேகத்தைப்போல் சுமார் 2 முதல் 3 மடங்கு, சில வடிவங்களில் அதற்குச் சற்று மேல் இருக்கும். 1846-இல் இந்தக் கருவியை வடிவமைத்த அர்மா வானாய்வகத்து ராபின்சன், எந்த அளவுக் கிண்ணத்துக்கும் அது 3 என்றே நம்பினார். கிண்ணத்தின் அளவையும் அதைத் தாங்கும் கையின் நீளத்தையும் பொறுத்து அது மாறும் என்பது பிறகுதான் தெளிவானது. சுழலும் அச்சிலிருந்து கிண்ண மையத்துக்கு 7 செ.மீ. ஆரம் என்று வையுங்கள், சுற்றளவு 0.44 மீட்டர். பல்ஸுக்கு 0.667 மீட்டர் காற்று, சுற்றுக்கு இரண்டு பல்ஸ் என்றால் 1.33 மீட்டர்; விகிதம் 3. சுற்றுக்கு ஒரே பல்ஸ் என்று எடுத்தால் விகிதம் 1.5 ஆகிவிடும். கிண்ணம் அத்தனை வேகமாகச் சுழலாது, ஆகவே எண்ணியதில்தான் பிழை.

மென்காற்றில் திடீரென்று மணிக்கு 150 கி.மீ. வீச்சு பதிவானால் சுவிட்ச் துள்ளுகிறது, அதாவது ஒரே மூடலில் பல பல்ஸ் தருகிறது என்று பொருள். மேற்சொன்ன மலிவு வகையில் மணிக்கு 100 கி.மீ. காற்றிலும் பல்ஸ்களுக்கு இடையே 24 மில்லிநொடி இருக்கும். அதனால் ஒரு பல்ஸுக்குப் பின் 5 முதல் 10 மில்லிநொடி வரை வருவதை நிரல் புறக்கணிக்கலாம்.

காரில் ஓட்டிப் பார்ப்பது

கருவியை மட்டும் தனியே சோதிக்க வீட்டளவில் இதைவிட நல்ல வழி இல்லை. விடியுமுன், இலை அசையாத வேளையில், நேரான வெறிச்சோடிய சாலை வேண்டும். காரின் முன்பாதியில் கம்பத்தை இறுகக் கட்டி, கூரைக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் மானியை வையுங்கள். கூரையை ஒட்டி வளைந்து போகும் காற்று வேகம் கூடியிருக்கும். கம்பத்தை 30 செ.மீ. உயர்த்தி மீண்டும் ஓட்டும்போது எண்ணிக்கை மாறினால், மானி இன்னும் அந்தக் கூடுதல் வேகத்துக்குள்தான் இருக்கிறது.

வேகத்தைக் கவனிப்பதைவிடத் தூரத்தைக் கணக்கில் எடுப்பது மேல். ஜிபிஎஸ்ஸில் சரியாக 1 கி.மீ. குறித்துக்கொண்டு, அதற்குள் விழும் மொத்தப் பல்ஸை எண்ணுங்கள். காரின் ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும், அதை நம்ப வேண்டாம். 2.4 கி.மீ. வகைக்கு 1,500 பல்ஸ் வர வேண்டும். போய்த் திரும்பி, இரண்டின் சராசரியை எடுத்தால் எதிர்க்காற்றும் பின்காற்றும் கழிந்துவிடும். பக்கக்காற்று மட்டும் கழியாது: நொடிக்கு 10 மீட்டர் ஓட்டத்தில் 1 மீட்டர் பக்கக்காற்று அரை சதவீதப் பிழைதான் தரும், 3 மீட்டர் என்றால் 4 சதவீதத்தைத் தாண்டும். எதிரே லாரி கடந்துபோன ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணுவது உடன் வருபவரின் வேலை, ஓட்டுநரின் வேலை அல்ல.

மணிக்கு 20, 60 கி.மீ. இரண்டிலும் ஓட்டுங்கள். 60-இல் 1,473, 20-இல் 1,419 என்று வந்தால் பெருக்கு எண்ணில் குறையில்லை. 54 பல்ஸ், அதாவது 36 மீட்டர் காற்று, கூடுதலாக எடுத்த 120 நொடியில் விடுபட்டிருக்கிறது. பேரிங் உராய்வு விழுங்கும் அந்த நொடிக்கு 0.3 மீட்டரைப் பெருக்காமல் கூட்ட வேண்டும், அதுவும் கிண்ணம் சுழலும்போது மட்டும். பெருக்கு எண்ணை மட்டும் ஏற்கும் மென்பொருளாக இருந்தால், பேரிங்கைத் துடைத்துச் சரிசெய்வதே வழி.

கைக்கருவியோடு ஒப்பிடுவது

கார் கிடைக்காதவர்களுக்கு இது அடுத்த நல்ல வழி. அளவுத்திருத்தச் சான்றுள்ள கருவியை இரவல் வாங்குங்கள். விசிறி வகைக் கைக்கருவி காற்றுக்கு நேராக நிற்காவிட்டால் குறைத்துக் காட்டும் என்பதால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில், காற்றின் திசைக்குக் குறுக்காக ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். கணத்துக்குக் கணம் ஒப்பிடுவதில் பயனில்லை, 10 நிமிடச் சராசரிகளை ஒப்பிடுங்கள். பாதி நேரத்தில் இடம் மாற்றி வையுங்கள். இடத்தின் பாரபட்சம் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். வீசும் காற்றில் கிண்ணம் சட்டென்று வேகம் பிடித்து மெல்ல அடங்குவதால், சுழிக்காற்று மிகுந்த மாடியில் அது சற்றுக் கூட்டியே காட்டும்.

விமான நிலையத்தோடு ஒப்பிடுவது

எல்லோரும் செய்வது இதுதான், அதிகம் தவறுவதும் இதில்தான். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மெட்டார் (விமானங்களுக்கான வானிலை) அறிக்கை திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்துக் காற்றைச் சொல்கிறது. குட்டைப்புல் வெளியிலேயே 2 மீட்டர் உயரத்தில் அதன் ஏறத்தாழ முக்கால் பங்குதான் இருக்கும். வீடுகளுக்கு நடுவே இன்னும் குறையும். மேலும் அறிக்கையில் வேகம் முழு நாட் (மணிக்கு 1.852 கி.மீ.) எண்ணாகத்தான் வரும், 5 நாட் காற்றில் அந்த முழுமையாக்கலே 10 சதவீதம் வரை பிழை தரும். இதை வைத்துப் பெருக்கு எண்ணைக் கூட்டினால், தடையில்லாத திசையிலிருந்து காற்று வரும் நாளில் உங்கள் கருவி பொய் சொல்லும்.

ஆனால் தேய்மானத்தைக் கண்காணிக்க இது அருமையான துணை. ஒரே திசைக் காற்றில், உதாரணமாகப் பிற்பகல் கடற்காற்றில், இரண்டின் விகிதத்தை மாதாமாதம் குறித்து வையுங்கள். மென்காற்றில் மட்டும் விகிதம் இறங்கினால் பேரிங் தேய்கிறது.

மேசை விசிறி

விசிறிக் காற்று முறுக்கிக்கொண்டு வரும், நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் வேறு வேகம். ஆகவே எண் எதையும் இதிலிருந்து எடுக்காதீர்கள். புதிய கிண்ணத்தையும் பழையதையும் அதே புள்ளியில் மாற்றி மாற்றி வைத்து, எது முதலில் சுழலத் தொடங்குகிறது என்று பார்க்க மட்டும் இது உதவும்.