பாலைவனக் குளிருக்கு பட்டி ஹீட்டர்: ரெண்டு சீசன் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

"பாலைவனத்துக்குப் போறோம்ங்கிற, அங்க எதுக்குடி இத்தனை கம்பளி"ன்னு கேட்டாங்க எங்கம்மா. அவங்க திண்டுக்கல்ல இருந்து வந்து அப்ப ஒரு மாசம் தான் ஆயிருந்துச்சு. எனக்கும் பெருசா தெரியல, அரிசோனால ஆறு வருஷமா இருக்கோம், வெயில் தான் தெரியும், குளிர்னா ஃபீனிக்ஸ்ல ஒரு ஸ்வெட்டரோட முடிஞ்சு போயிடும். அதனால இந்த ரிவ்யூ முக்கியமா யாருக்குன்னா, வயசான அம்மா அப்பாவோட, சின்னப் பிள்ளைங்களோட, ஜனவரில ட்ரெய்லர் (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற சின்ன வீடு) இழுத்துக்கிட்டு பாலைவனத்துல தங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு.

பொருள் என்னன்னா மிஸ்டர் ஹீட்டர் கம்பெனியோட போர்ட்டபிள் பட்டி (Portable Buddy), கேஸ்ல எரியுற சின்ன ஹீட்டர். சிவப்பு கலர், தூக்குறதுக்கு மேல கைப்பிடி, லோ வச்சா 4,000 பிடியூ (ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சூடு தருதுங்கிற அளவு), ஹை வச்சா 9,000 பிடியூ. பக்கவாட்டுல ஒரு பவுண்டு ப்ரொபேன் சிலிண்டரைத் திருகி மாட்டணும், அவ்ளோ தான். கரண்டு வேணாம், பாட்டரி வேணாம். இந்தக் கடைசி விஷயம் தான் எனக்கு எல்லாத்தையும் விடப் பெருசு, ஏன்னு சொல்றேன்.

2023 ஜனவரில குவார்ட்ஸைட்ங்கிற பாலைவன ஊருக்குப் போனோம். ஃபீனிக்ஸ் பக்கத்துல இருக்கிற சாண்ட்லர்ல இருந்து ஐ-10 ஹைவேல மேற்க ரெண்டரை மணி நேரம். ஊருக்குத் தெற்க யுஎஸ் 95 ரோட்டு ஓரமா லா போஸான்னு பெரிய மைதானம், பிஎல்எம்ங்கிற அமெரிக்க அரசோட நில மேலாண்மைத் துறை நடத்துறது, செப்டம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்கிக்கலாம், நாங்க போனப்ப 14 நாள் பர்மிட் 40 டாலர், முழு சீசனுக்கு 180. அந்தக் காசுக்குத் தண்ணி பிடிச்சுக்கலாம், அழுக்குத் தண்ணி டேங்கைக் கொட்டிக்கலாம், குப்பை போடலாம், ஆனா கரண்டு கனெக்ஷன் கிடையாது, அவங்க அவங்க கொண்டு வந்தது தான். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பொடிக்கல்லு தரை, நடுநடுவுல கிரியோசோட் புதர், தூரத்துல டோம் ராக் மலை, வெள்ளை வெள்ளையா ட்ரெய்லருங்க. கனடால இருந்தும் வடக்கு மாநிலங்கள்ல இருந்தும் பனிக்குப் பயந்து இறங்கி வர்ற பெரியவங்க தான் முக்கால்வாசிப் பேரு.

பகல்ல அருமையா இருந்துச்சு, 65 டிகிரி ஃபாரன்ஹீட், அம்மா வெளிய நாற்காலி போட்டு உக்காந்து கீரை ஆய்ஞ்சாங்க, ஊருக்குள்ள ஹை ஜாலி கல்லறையைப் போய்ப் பார்த்தோம். ஹாஜி அலின்னு ஒரு ஒட்டகக்காரரு, அவரு பேரைத் தான் இங்க ஹை ஜாலின்னு ஆக்கிட்டாங்க, 1856ல அமெரிக்க ராணுவம் ஒட்டகம் வச்சு சாமான் கொண்டு போகலாம்னு முயற்சி பண்ணப்ப வந்தவரு, 1902ல இங்கயே இறந்துட்டாரு, கல்லால பிரமிடு மாதிரி கட்டி உச்சில ஒட்டகம் வச்சிருக்காங்க. அம்மா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க, "எந்த ஊரு மனுசனோ, எங்க வந்து படுத்திருக்கான் பாரு"ன்னாங்க.

ஆனா சூரியன் ஆறு மணிக்கு விழுந்துருச்சுன்னா மறுநாள் காலைல ஏழே முக்கால் கிட்ட தான் எட்டிப் பார்க்கும். கிட்டத்தட்ட 13 மணி நேரத்துக்கு மேல ராத்திரி. காத்துல ஈரம் இல்ல, மேல மேகம் இல்ல, அதனால பகல்ல வாங்கின சூடு பூரா மளமளன்னு மேல போயிடும். முதல் நாள் ராத்திரி 38 டிகிரி, ரெண்டாவது ராத்திரி 34, அதாவது செல்சியஸ்ல வெறும் ஒண்ணு. 17 அடி ட்ரெய்லர் சுவர் என்ன கனம் இருக்கும், விரல் நீளம் கூட இல்ல.

ட்ரெய்லர்லயே ஃபர்னஸ் (சூடான காத்தை ஊதுற ஹீட்டர்) இருக்கே, கேஸ்ல ஓடுதே, கேஸ் ரெண்டு டேங்க் ஃபுல்லா இருக்கேன்னு தான் நாங்களும் நினைச்சோம். ரெண்டாவது ராத்திரி மூணே முக்காலுக்கு எனக்கு முழிப்பு வந்துச்சு, ஃபர்னஸ் ஃபேன் சத்தம் வழக்கம் போல "ஊ"ன்னு இல்லாம இழுத்து இழுத்து ஓடுது, வர்ற காத்து சில்லுன்னு இருக்கு, கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னு போச்சு. டைனிங் டேபிளை மடக்கிப் போட்ட படுக்கைல அம்மா மப்ளர், குல்லா, ரெண்டு கம்பளி எல்லாத்தையும் சுத்திக்கிட்டு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்னை எழுப்பல. அதான் எனக்கு இன்னும் தாங்கல. பொண்ணை அவங்க மடியில போட்டு, இவரு கார் ஹீட்டரை ஆன் பண்ணி, விடியிற வரைக்கும் நாலு பேரும் கார்லயே இருந்தோம்.

காலைல பக்கத்து ட்ரெய்லர் கனடாத் தாத்தா மல்டிமீட்டரோட வந்து பார்த்துட்டு சொன்னாரு, கேஸ் பிரச்னையே இல்லம்மா, பாட்டரி செத்துருச்சுன்னு. அவரு விளக்கினது இது: ஃபர்னஸ் உள்ள ஒரு மெல்லிசான தகடு இருக்கு, ஃபேன் காத்து வேகமா வந்து அதைத் தள்ளினாத் தான் கேஸ் திறந்து நெருப்பு பிடிக்கும், இல்லன்னா திறக்காது, அது பாதுகாப்புக்கு. பாட்டரி இறங்குச்சுன்னா ஃபேன் மெதுவா சுத்தும், தகடு நகராது, கேஸ் டேங்க் ஃபுல்லா இருந்தும் குளிர்ல கிடக்கணும். நாங்க வாடகைக்கு எடுத்த ட்ரெய்லர்ல 80 ஆம்ப் ஹவர் (எவ்வளவு கரண்டு சேர்த்து வைக்கும்ங்கிற அளவு) லெட் ஆசிட் பாட்டரி ஒண்ணே ஒண்ணு, அதுல பாதிக்கு மேல உறிஞ்சுனா பாட்டரி சீக்கிரம் கெட்டுடும், அப்ப கைல இருக்கிறது 40 தான். ஃபேன் ஓடும்போது அஞ்சு ஆம்ப் எடுக்குது, ராத்திரி பாதி நேரம், ஆறரை மணி நேரம் ஓடுச்சுன்னே வைங்க, 32 போயிடுச்சு. மேல ஒத்தை சோலார் பேனல், அது ஜனவரி சாஞ்ச வெயில்ல அவ்வளவையும் திருப்பி நிரப்ப முடியாது. வாடகைக்கு விட்டவரு பாட்டரி நல்லா இருக்குன்னு தான் சொன்னாரு, மேல ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தா அஞ்சு வருஷம் பழசு. இனிமே யார்கிட்ட வாடகைக்கு எடுத்தாலும் நான் முதல்ல அந்தத் தேதியைத் தான் பார்ப்பேன், நீங்களும் பாருங்க.

அன்னைக்கே டவுன்ல ஒரு கடைல நூத்திச்சொச்சம் டாலருக்கு இந்தப் பட்டி ஹீட்டரும் நாலு சிலிண்டரும் வாங்கினோம். பத்த வைக்கிறது ஈஸி, குமிழைப் பைலட்டுக்கு (முதல்ல பிடிக்கிற சின்ன நெருப்பு) திருப்பி, அமுக்கிப் பிடிச்சு, டிக் டிக்னு நெருப்பு பிடிச்சதும் ஒரு அரை நிமிஷம் விடாம அமுக்கியே வச்சிருந்து, அப்புறம் லோக்குத் திருப்பணும். அந்த அரை நிமிஷம் பொறுமை இல்லாம விட்டா அணைஞ்சுடும், இவரு மூணு தடவை விட்டுட்டாரு, அம்மா ஒரே தடவைல பத்த வச்சாங்க, ஊர்ல ஸ்டவ் பத்த வச்ச கை. முன்னாடி இருக்கிற சதுரப் பலகை கொஞ்சம் கொஞ்சமா ஆரஞ்சுக் கலர்ல கனியுது, அஞ்சு நிமிஷத்துல ட்ரெய்லருக்குள்ள காது மடல் சூடாகுது. 17 அடிக்கு லோவே தாராளம், ஹை வச்சா பத்து நிமிஷத்துல ஸ்வெட்டரைக் கழட்டணும்.

கணக்கும் சொல்லிடுறேன், ஒரு பவுண்டு சிலிண்டர் லோல அஞ்சு மணி நேரம் சொச்சம் வருது, ஹைல ரெண்டரை கூட முழுசா வராது. சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரை, காலைல ஆறரைல இருந்து எட்டு வரைன்னு வச்சா ஒரு நாளைக்கு ஒரு சிலிண்டர். ஒண்ணு அஞ்சாறு டாலர், ஒரு வாரத்துக்கு அது ஜாஸ்தி தான். அதனால அடுத்த வருஷம் 2024ல போனப்ப ஹோஸ் வாங்கி 20 பவுண்டு டேங்க்ல இருந்து கனெக்ஷன் கொடுத்துட்டோம், நூறு மணி நேரத்துக்கு மேல ஓடும், அந்த ட்ரிப் முழுக்க ஒரே டேங்க் தான். டேங்க் வெளிய தான் இருக்கணும், உள்ள கொண்டு வரவே கூடாது, ஜாயிண்ட்ல எல்லாம் சோப்புத் தண்ணி தடவி நுரைக் குமிழி வருதான்னு பார்த்துட்டுத் தான் பத்த வைக்கணும்.

இப்ப எனக்கு மனசுல இருக்கிற பயத்தையும் சொல்லணும், ஏன்னா இது உள்ளயே எரியுற நெருப்பு, ஃபர்னஸ் மாதிரி புகையை வெளிய தள்ளாது. ஆக்ஸிஜன் குறைஞ்சா பைலட் நெருப்பு இடம் மாறி, கேஸ் தானா நின்னுடுற அமைப்பு இதுல இருக்கு, சாஞ்சு விழுந்தாலும் அணைஞ்சுடும், ரெண்டையுமே நாங்க நம்புறோம், ஆனா அதை மட்டும் நம்பிப் படுக்க மாட்டோம். கூரை வெண்ட்டை (காத்து போற திறப்பு) ரெண்டு விரல், ஒரு ஜன்னலை ரெண்டு விரல் எப்பவும் திறந்து வைப்போம், கார்பன் மோனாக்சைடு (விஷவாயு) அலாரம் பட்டனை அமுக்கிப் பார்ப்போம், பத்து மணிக்கு எல்லாரும் படுக்கிறப்ப அணைச்சுடுவோம், அணைக்கிறதுல ஒரு நாள் கூட விதிவிலக்கு இல்ல. ராத்திரிக்கு ஃபர்னஸை 50 டிகிரி ஃபாரன்ஹீட்ல வச்சா அது எப்பவாவது தான் ஓடும், சாயங்காலம் பூரா பட்டி ஓடினதால பாட்டரி காலை வரைக்கும் தாங்குது. எனக்கு இந்த ஹீட்டரோட வேலையே அதான், ஃபர்னஸுக்குப் பதில் இல்ல, ஃபர்னஸோட பாட்டரியைக் காப்பாத்துறது. கடல் மட்டத்துல இருந்து 7,000 அடிக்கு மேல போனா அணைஞ்சு போகலாம்னு மேனுவல்ல இருக்கு, குவார்ட்ஸைட் ஆயிரம் அடி கூட இல்லாததால நமக்குக் கவலையில்ல, மலை மேல கேம்ப் போறவங்க யோசிச்சுக்கோங்க.

இன்னொன்னு ஈரம். இது எந்த ப்ரொபேன் அடுப்புக்கும் உள்ளது தான், ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒண்ணரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வருது. ஹீட்டர் வாங்கின முதல் நாள் மட்டும் வெண்ட்டைத் திறக்க மறந்துட்டோம், காலைல ஜன்னல் கண்ணாடி பூரா அழுத மாதிரி வழிஞ்சு, பொண்ணு படுத்திருந்த மெத்தை ஓரம் நனைஞ்சு போச்சு. வெண்ட் திறந்ததும் பாதிக்குப் பாதி குறைஞ்சுது, மிச்சத்துக்கு ஒரு பழைய துண்டு வச்சுத் துடைச்சா போதும்.

எங்க வீட்ல நடந்த பெரிய சந்தோஷம் மாவு தான். வீட்ல இருந்து அரைச்சு எடுத்துட்டுப் போன தோசை மாவு ரெண்டு நாளா அப்படியே கல்லு மாதிரி கிடந்துச்சு, புளிக்கவே இல்ல. ஹீட்டர் வந்த அன்னைக்கு சாயங்காலம் அம்மா மாவு இருந்த எவர்சில்வர் தூக்கை ஹீட்டர்ல இருந்து மூணு அடி தள்ளி வச்சு, அரை மணிக்கு ஒரு தடவை கால் திருப்பு திருப்பி வச்சாங்க, ஒரு பக்கமே சூடு ஏறக்கூடாதுன்னு. பத்து மணிக்கு ஹீட்டரை அணைச்சதும் தூக்கை அவங்க சால்வைல சுத்தி, ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு பாட்டில் சுடுதண்ணியோட வச்சு மூடிட்டாங்க. காலைல மூடியைத் திறக்கிறப்ப பொண்ணு "அம்மாச்சி, மூச்சு விடுது"ன்னு கத்துனா, மாவு பொங்கி மூடில ஒட்டியிருக்கு, அந்தப் புளிச்ச வாசம் ட்ரெய்லர் பூரா. கனடாத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நாலு தோசை, கொஞ்சம் இட்லிப் பொடி நல்லெண்ணெயோட கொடுத்தோம், தட்டைத் திருப்பிக் கொடுக்கிறப்ப அதுல பச்சையா ஒரு சின்னக் கல்லு வச்சுக் கொடுத்தாங்க, அவங்களே பொறுக்கி மெருகு போட்டதாம்.

அஞ்சுக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மார்க் எதுக்குக் குறைச்சேன்னா, முன்னாடி கம்பி வலை போட்டிருந்தாலும் தொட்டா சுடுது, தவழுற குழந்தை இருக்கிற வீடுன்னா நான் வாங்கச் சொல்ல மாட்டேன், எங்க பொண்ணுக்கு ஏழு வயசு, சொன்னா புரியும், அப்படியும் முன்னாடி தரைல ஒரு நீலக் கலர் டேப் ஒட்டி அதைத் தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்கோம். இந்த ஜனவரிக்கு அம்மா திரும்ப வர்றாங்க, டிக்கெட் போட்டாச்சு, இவரு சொந்தமா ஒரு லித்தியம் பாட்டரி வாங்கி எடுத்துட்டுப் போகலாம்னு விலை பார்த்துக்கிட்டு இருக்காரு, வாங்கினாலும் ஹீட்டரை வண்டில ஏத்தாம நான் கிளம்பப் போறதில்ல. பழைய டேப் மட்டும் உரிஞ்சிருச்சு, புதுசா ஒண்ணு வாங்கணும்.