ஒன்பது வருஷம் ஸ்டோரி போட்ட பிறகு

18 வயதில் ஒரு சமூக ஊடக ஆப்பில் கணக்கு தொடங்கினேன், இப்போது 27. இடையில் மூன்று போன் மாறிவிட்டது, ஆப் மட்டும் மாறவில்லை. பெயர் எதற்கு? இந்த வகை எல்லாமே ஒரே குட்டையில் ஊறியவைதான்.

நேரம் வீணாகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என்னைத் தின்றது, ஸ்டோரியை, அதாவது ஒரு நாளில் தானாக மறையும் பதிவை, யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் பட்டியல். போட்ட பத்தாவது நிமிஷம் திறப்பேன். 60 பேர் பார்த்திருப்பார்கள். நான் தேடுவது ஒரே ஒரு பெயர். அது இருந்தால், ஏன் ஒரு வார்த்தை பதில் போடவில்லை? இல்லையென்றால், ஆன்லைனில் இருப்பதாகப் பச்சைப் புள்ளி எரிகிறதே? எப்படிப் பார்த்தாலும் தூக்கம் போச்சு. ஒருநாள் ராத்திரி, நான் இல்லாமல் நண்பர்கள் எடுத்த க்ரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு நாற்காலி காலி. எனக்காகப் போட்டதாக இருக்குமோ என்று யோசித்தபோதுதான், நிலைமை கைமீறிவிட்டது என்று உறைத்தது.

லைக் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தேன், வீண். மற்றவர்களுடையதுதான் மறையும், என்னுடையதைத் தட்டினால் தெரியும். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியது இரண்டு நாள் தாங்கியது. நேர வரம்பு வைத்தால், அதன் கீழேயே ‘இன்னும் 15 நிமிஷம்’ என்று ஒரு பொத்தான். பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி.

2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் தினம் 10 நிமிஷம் மட்டும், மூன்று வாரம். அவர்களுக்குத் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு: எதையும் குறைக்காத குழுவுக்குக்கூடப் பதற்றம் கொஞ்சம் தணிந்தது. எவ்வளவு பார்க்கிறோம் என்று கவனித்ததே காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

ஆப்பை நீக்கிவிட்டு பிரவுசரில் மட்டும் பார்க்க ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். பாதி நேரம் அந்தச் சோம்பலிலேயே விட்டுவிடுவேன். நஷ்டமும் உண்டு: நெருங்கிய தோழிக்குக் குழந்தை பிறந்தது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. மூச்சு முட்டிய நாட்களில் ஆறுதல் சொன்ன முகம் தெரியாத நாலு பேரும் அங்கேதான் கிடைத்தார்கள், அதையும் மறைக்க முடியாது.

போன வாரம் ஒரு ஸ்டோரி போட்டேன். பட்டியலை மறுநாள் மத்தியானம்தான் திறந்தேன். திறக்காமல் இருக்க இன்னும் வரவில்லை.