2.85 லட்ச ரூபாய்க் கால்: மூன்று கோடை பார்த்த பிறகு ஒரு தையல்காரி எழுதுவது

வாங்கியவர் எங்க வீட்டுக்காரர். போட்டுக்கொண்டு நடப்பவரும் அவர்தான். ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்வார். பட்டாளத்துப் பழக்கம். லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், வெந்தும் வேகாத சப்பாத்தி போட்டுவிட்டு பெரிய அதிகாரி வந்து கேட்டாலும் அதே பதில்தான் சொல்லியிருப்பார். அதனால் நான் எழுதுகிறேன். தொழில் தையல், ஊர் குடியாத்தம் பக்கம். அளவெடுத்துச் செய்கிற பொருள் எதுவானாலும் எனக்கு ஒரு கருத்து உண்டு.

பொருள் இதுதான்: இடது முழங்காலுக்குக் கீழே போடுகிற செயற்கைக் கால். உள்ளே சிலிக்கான் லைனர், அடியில் ஒரு பின், அதைக் கவ்வுகிற பூட்டு, மிஞ்சிய கால் நுழைகிற, அளவெடுத்து வார்த்த கூடு (சாக்கெட் என்பார்கள்), கீழே கார்பன் பாதம். 2022 பிப்ரவரியில் சென்னையில் ஒரு தனியார் கடையில் வாங்கினோம். கடையின் பெயர் போடவில்லை. அங்கே சண்டை போட எனக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

இதற்கு முன்னால் இருந்தது புனே கால். 2014-இல் ஜம்மு காஷ்மீரில் ராஜௌரி பக்கம் ரோந்து போனபோது மிதிவெடியில் கால் போயிற்று. மழைக்காலத்தில் மண் சரிந்தால் புதைத்த வெடி புதைத்த இடத்தில் இருக்காதாம். வரைபடத்தில் ஒரு இடம், வெடி வேறொரு இடம். உதம்பூரில் அறுவை, பிறகு புனே செயற்கை அவயவ மையம். 1944-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ராணுவம் தொடங்கிய இடம் அது. அங்கேதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினார். காசு ஒரு பைசா இல்லை. உள்ளே நுரை ரப்பர் உறை, முட்டிக்கு மேலே பெல்ட், கனமான கால். அதன் பேரில் எனக்குக் குறையே கிடையாது. இன்றைக்கும் கொல்லைக்குப் போக, சேற்றில் இறங்க அதைத்தான் மாட்டுகிறார். புதுக்காலின் பூட்டில் தண்ணீரோ மண்ணோ போனால் அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் 2.85 லட்சம்? ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டராவது நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். பழைய காலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தோல் உரிந்துவிடும். நடையைப் பொறுத்தவரை புதுக்காலுக்கு முழு மதிப்பெண். கார்பன் பாதம் குதிகாலில் வாங்கிய எடையை விரல் பக்கம் திருப்பிக் கொடுக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் எந்தக் கால் என்று சொல்லமுடியாது. இதை வாங்கிய பிறகு ஊரில் இரண்டு பேர் அவரிடம் "கால் சரியாயிடுச்சா?" என்று கேட்டார்கள். காய்ச்சல் சரியாகிவிட்டதா என்பது போல.

இனி தையல்காரியாகப் பேசுகிறேன். கார்பன் பாதம், ஜெர்மன் பூட்டு என்று கடையில் எவ்வளவு சொன்னாலும், கால் என்பது சாக்கெட்தான். பிளவுஸுக்குப் பட்டுத்துணியா பருத்தியா என்பது அப்புறம், முதலில் கைப்பக்கம் பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா? அதே கதை. நாங்கள் அளவு கொடுக்கப் போன அன்று விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் கிளம்பினோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் ஸ்டம்ப், அதாவது வெட்டியதுபோக மிஞ்சிய கால், வீங்கியிருந்தது. வீங்கின அளவில் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள். எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கெட் லூஸாக வந்தது. துணி என்றால் ஒரு பிடி பிடித்துவிடலாம், சின்னதாகிவிட்டால் உள்தையலைப் பிரித்து விடலாம். சாக்கெட்டுக்கு உள்தையல் கிடையாது. இரண்டு தடவை இலவசமாகச் சரிசெய்தார்கள். மூன்றாவது தடவை 4,500 ரூபாய் கேட்டார்கள். உள்ளே பட்டறையில் தேய்த்துக் கொடுக்கிற தம்பி அருமையான ஆள், கையில் வித்தை இருக்கிறது. முன்னால் மேசையில் உட்கார்ந்து விலை சொல்கிறவருக்குத்தான் இன்ச் டேப் பிடிக்கவே தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்கவில்லை: வீட்டுக்குள் செருப்பு போடுவீர்களா? பாதத்தை ஷூவின் குதிகால் உயரத்துக்குப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். ஷூவோடு நடந்தால் ராஜநடை. கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலச் சாய்கிறார். கோவிலில் என்ன செய்வது? ஜெய்ப்பூர் கால் 1960-களின் கடைசியில் உருவானதே வெறுங்காலோடு நடக்கிற, சம்மணம் போட்டு உட்கார்கிற நம் ஆட்களை நினைத்துத்தான். இவ்வளவு வருஷம் கழித்து சென்னையில் விற்கிற கடைக்கு அது ஞாபகம் வரவில்லை. கடைசியில் ரெக்ஸினில் ஒரு குதிகால் ஆப்பு வெட்டி, மேலே சாக்ஸ் போலத் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டால் வீட்டுக்குள்ளும் நேராக நிற்கிறார். மூன்று ஜோடி தைத்து வைத்திருக்கிறேன், ஒன்று கோவிலுக்கென்றே தனி.

செருப்பு என்றதும் ஒன்று. இரவில் கழற்றிய கால் எங்கே நிற்பது என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. இவர் ஷூவோடு சேர்த்தே கழற்றி வைப்பார், காலையில் வேலை மிச்சம் என்று. அத்தைக்கு ஆகவில்லை. "செருப்புக் காலை சாமி மாடத்துக்கு நேரா நிறுத்துறானே" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். படுக்கையறையில் வைத்தால் பாப்பா இருட்டில் பார்த்து அலறினாள், அப்போது சின்னப் பிள்ளை. இப்போது என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ராத்திரி பார்த்தால் மெஷினை மிதிக்க யாரோ வந்து நிற்பது போல இருக்கும். உண்மையில் அந்தப் பாதத்தால் மெஷின் மிதிக்க முடியாது, கணுக்கால் மடங்காது. அவர் ஓரம் அடிக்க உட்கார்வதற்காக ஒரு மோட்டார் மாட்டினோம்; அதை வலது காலால் அழுத்துகிறார்.

லைனர் பற்றி எழுதியாக வேண்டும். சிலிக்கான் உறை, உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்று நுழையாமல் கீழிருந்து மேலே உருட்டி ஏற்றவேண்டும். வேலூர் மாவட்டத்து மே மாதம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மத்தியானம் கழற்றிக் கவிழ்த்தால் டம்ளரிலிருந்து ஊற்றுவது போல வியர்வை ஊற்றும். நான் கெட்டிக்காரத்தனமாக மெல்லிய பருத்தியில் ஓர் உள்ளுறை தைத்து, லைனருக்கு அடியில் போடச் சொன்னேன். தோலை லைனர் கவ்வினால்தான் கால் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஏறும்போது இவர் மேலே போய்விட்டார், கால் படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் பையன் ஒரு விநாடி திகைத்து, பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்து, "சார், டிக்கெட் ஒண்ணுதானே?" என்றான். பஸ்ஸே சிரித்தது. இவரும் சிரித்தார். எனக்குத்தான் வீடு வரும்வரை அழுகை நிற்கவில்லை. தப்பு என்னுடையது, லைனரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்பதாவது மாதம் அது மேல்விளிம்பில் கிழிந்ததற்குக் குறை சொல்வேன். ஆறு மாதத்துக்குத்தான் உத்தரவாதமாம். புதிது 32,000 ரூபாய். தினமும் ராத்திரி சோப்பு நுரையில் கழுவி நிழலில் உலர்த்துவது என் வேலை. பட்டுப்புடவைக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

பூட்டில் பின் இறங்கும்போது "டிக், டிக்" என்று சத்தம் வரும். ஐந்து டிக் வந்தால் சரியான அளவு. எட்டு வந்தால் ஸ்டம்ப் சுருங்கிவிட்டது, மேலே ஒரு சாக்ஸ் ஏற்றவேண்டும். மூன்றோடு நின்றால் வீக்கம். முந்தின நாள் கருவாடோ ஊறுகாயோ கூடிப்போயிருக்கும், அல்லது ராத்திரி தூங்காமல் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். நான் சமையலறையிலிருந்தே எண்ணுவேன். மூன்று டிக் கேட்ட காலையில் கரண்ட் பில் பேச்சை எடுக்கமாட்டேன். "தூங்கலையா?" என்று கேட்டால் பதில் வராது. பூட்டு சொல்லிவிடும். கடைக்காரர் இதை ஒரு வசதி என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கல்யாணமான புதிதில் வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். அந்த நாட்களை மட்டும் வைத்துத்தான் எங்கள் குடித்தனம். மீதி நாளெல்லாம் நானே ராஜா, நானே மந்திரி. அடிபட்ட பிறகும் உடல்தகுதி குறைந்தவர் (லோ மெடிக்கல்) என்று ஸ்டோர்ஸ் வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். 2019-இல் மொத்தமாக வந்தார். 365 நாளும் வீட்டில் ஓர் ஆள், போர்வையை நாலாக மடித்திருக்கிறேனா ஐந்தாக மடித்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு. ஆனால் தன் காலை மட்டும் எனக்குக் காட்டமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டுதான் கழற்றுவார். ஓய்வூதியக் கணக்கில் ஊனத்தை 50, 75, 100 என்று ரெடிமேட் சைஸ் மாதிரி முழுமையாக்கினார்கள். அந்தக் காகிதத்துக்குத் தெரிந்த அளவுக்குக்கூட அவர் காலைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தது.

இந்தக் கால் அதை மாற்றியது, வேறு வழியில்லாமல். ஸ்டம்பின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா, கொப்புளமா என்று தினமும் பார்க்கவேண்டும். தன் காலின் அடியைத் தானே பார்ப்பது கஷ்டம். ஒரு நாள் கதவைத் திறந்து, "கொஞ்சம் பாரு" என்றார். பார்த்தேன். தையல் கோணலாகத்தான் இருந்தது. சொன்னேன். "உன் கடைக்கு அனுப்பியிருக்கணும்" என்றார்.

இல்லாத கால் அரிப்பதும் எரிவதும் வேறு உண்டு. எந்தக் கம்பெனிக் கால் போட்டாலும் அது போகாது. பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு கண்ணாடி வைக்கச் சொன்னாள். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலின் பிம்பத்தை இல்லாத காலாகப் பார்த்துக்கொண்டே விரலை அசைப்பது. 1990-களில் இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் வி.எஸ். ராமச்சந்திரன் என்றாள். என் தையல் கடையிலிருந்து டிரையல் கண்ணாடியைத் தூக்கிவந்தேன். எல்லாருக்கும் கேட்காதாம். இவருக்கு எரிச்சல் குறைந்தது, அரிப்பு அப்படியே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் கண்ணாடி எங்கே என்று கேட்டால் ரிப்பேர் என்கிறேன்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் முரளிகாந்த் பேட்கர் கதையைச் சொல்லாமல் போகமாட்டார்கள். 1965 போரில் குண்டடிபட்டு, 1972-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். பெரிய மனிதர், மறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் போட்டி ராத்திரி இரண்டு மணிக்கு, கட்டிலிலிருந்து கழிவறை வரை, 14 அடி தூரம். ஒரு தடவை சிறுநீர் கழிக்க யார் லைனரை உருட்டி ஏற்றிக்கொண்டிருப்பார்கள்? சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே போவார். 2022 தீபாவளி ராத்திரி விழுந்தார். கால் 2.85 லட்சம், அது மெஷின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. மறுநாள் ஹார்டுவேர் கடையில் 650 ரூபாய்க்கு இரண்டு ஸ்டீல் கைப்பிடி வாங்கிவந்து கொத்தனாரை வைத்து அடித்தேன். எங்கள் வீட்டில் வாங்கியதிலேயே நல்ல பொருள் எது என்று கேட்டால் அதுதான். கடையில் கால் வாங்கும்போது ராத்திரி என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தால் விழுந்திருக்கமாட்டார். கேட்கவேண்டியது என்னிடம். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

நன்மை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். என் அம்மா வீட்டு மாந்தோப்பில் இவர் இலைச் சருகில் கால் வைக்கமாட்டார். முன்னால் என்னை நடக்கவிட்டு, நான் மிதித்த இடத்தில் மட்டும் மிதிப்பார். எதற்கென்று எனக்குத் தெரியும், நானும் கேட்டதில்லை. இந்தக் கால் வந்த முதல் கோடையில் அவரே முன்னால் நடந்தார், ஒவ்வொரு தடவையும் இடது காலை முதலில் வைத்து. "போனா இதுதானே போகும்" என்றார். "2.85 லட்சம்!" என்று கத்தினேன். தோப்பில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நட்சத்திரம் போடவேண்டும் என்றால் பாதத்துக்கு ஐந்து, சாக்கெட்டுக்கு மூன்று, லைனருக்கு இரண்டு, முன்மேசைக்கு ஒன்றுகூட இல்லை. போகிறவர்கள் முந்தின நாளே சென்னை போய்த் தங்குங்கள். முடியாவிட்டால் அளவு கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க இடம் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். வீட்டில் போடுகிற செருப்பைப் பையில் எடுத்துப்போங்கள். மனைவியை உள்ளே உட்காரவைக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போக மூன்று படி, கைப்பிடி கிடையாது; கால் விற்கிற கடை. எதிரே டீக்கடைக்குப் படியே இல்லை, இஞ்சி டீ நன்றாக இருக்கும்.