சங்கிலியா, தொகுப்பா, விளைவு முதலா? ஆங்கிலத்தில் காரண–விளைவுப் பத்தி எழுத மூன்று வழிகள்

ஆங்கிலத்தில் காரண–விளைவுப் பத்தி எழுதச் சொன்னால், பலரும் முதலில் தேடுவது இணைப்புச் சொற்களின் பட்டியலைத்தான். 'தேர்ஃபோர்', 'கான்சிக்வென்ட்லி', 'ஆஸ் எ ரிசல்ட்' என்று ஒரு நீண்ட வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு, வாக்கியத்துக்கு ஒன்றாகத் தூவிவிடுகிறார்கள். பத்தி கனமாகிறதே ஒழியத் தெளிவாவதில்லை. தெளிவு பெரும்பாலும் அடுக்கும் முறையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. காரணங்களை எல்லாம் சொல்லி முடித்த பிறகு விளைவுகளைச் சொல்வது தொகுப்பு முறை. ஒன்று மற்றொன்றை உண்டாக்கியதைத் தொடுத்துக்கொண்டே போவது சங்கிலி முறை. முடிவை முதல் வாக்கியத்திலேயே போட்டுவிட்டுக் காரணங்களுக்குத் திரும்புவது விளைவு முதல் முறை. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எழுத வேண்டிய செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ஆரல் கடலை எடுத்துக்கொள்வோம். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே உள்ள இந்த நீர்ப்பரப்பு, 1960 வரை உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. பருத்திச் சாகுபடிக்காக அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளின் நீரை சோவியத் அரசு கால்வாய்களில் திருப்பியது. ஏரிக்கு வரும் நீர் குறைந்தது. மட்டம் இறங்க இறங்க, எஞ்சிய நீரில் உப்பு ஏறியது. உப்பு ஏறியதால் மீன்கள் அழிந்தன; மீன்பிடித் தொழில் படுத்தது. மொய்னாக் என்ற துறைமுக ஊரில் படகுகள் இன்று மணலில் நிற்கின்றன. வறண்ட ஏரிப்படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்து எச்சமும் கலந்த தூசி ஊர்களின் மீது வீசுகிறது.

இதைத் தொகுப்பு முறையில் எழுதினால் என்ன ஆகும்? பருத்தி, கால்வாய், நீர்க்குறைவு, உப்பு எல்லாம் ஒரு பக்கம். மீன், தொழில், தூசி, நோய் எல்லாம் மறுபக்கம். உப்பு எந்தப் பக்கம்? நீர்க்குறைவின் விளைவு அது. மீன்கள் அழிந்ததற்குக் காரணமும் அதுவே. அதை ஒரே பெட்டியில் போட்டு மூடியவுடன் பத்தியின் முதுகெலும்பு முறிந்துவிடுகிறது. இந்தச் செய்திக்குச் சங்கிலி முறைதான் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சங்கிலியில் இணைப்புச் சொல்லின் வேலை குறைவு. முந்தைய வாக்கியம் முடிந்த இடத்தில் அடுத்த வாக்கியம் தொடங்கினால் போதும். மட்டம் இறங்கியதைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தை 'திஸ் டிராப்' என்று தொடங்கலாம். உப்பைப் பற்றிச் சொன்ன பின் 'தி சால்ட்' என்று தொடரலாம். வெறும் 'திஸ்' என்று விட்டுவிட்டால் எது என்று வாசகர் பின்னால் திரும்பிப் பார்க்க நேரும். பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை நிறுத்துவது சின்ன வேலை, பலன் பெரிது.

சங்கிலிக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று, நடுக்கண்ணி காணாமல் போவது. பருத்தி பயிரிட்டார்கள், அதனால் மக்களுக்கு இருமல் வந்தது என்று எழுதினால், எழுதியவருக்குப் புரியும், வேறு யாருக்கும் புரியாது. மற்றொன்று, நிறுத்தத் தெரியாமல் போவது. பருத்தியில் தொடங்கி சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி வரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் நிச்சயத்தன்மை குறைந்துகொண்டே போகும். ஒரு பத்திக்கு நாலைந்து கண்ணிகள் தாராளம்.

இப்போது டைட்டானிக். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏன் இத்தனை பேர்? கப்பலில் சுமார் 2,200 பேர். இருந்த 20 உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும் என்றது அன்றைய பிரிட்டிஷ் விதி. டைட்டானிக் 46,000 டன்னைத் தாண்டியது. இருந்த படகுகளிலும் பல நிரம்பாமலே இறக்கப்பட்டன. ஒன்றில் 12 பேர் மட்டுமே போனார்கள். கடல்நீரோ உறைநிலையில். அருகில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் வயர்லெஸ் இயக்குநர் தூங்கப் போயிருந்தார்.

இவற்றைச் சங்கிலியாக்க முயன்றால் பொய் சொல்ல வேண்டிவரும். தூக்கத்தால் படகு குறையவில்லை. படகு குறைந்ததால் நீர் குளிரவில்லை. தனித்தனி ஓடைகள் ஒரே பள்ளத்தில் வந்து விழுந்தன, அவ்வளவுதான். இங்கே விளைவு முதல் முறைக்கே முதலிடம்: இறப்பு எண்ணிக்கையை முதல் வாக்கியத்தில் வைத்து, காரணங்களை வலிமை வரிசையில் நிறுத்துவது. முதல் வாக்கியம் கேள்வியை எழுப்பிவிடுவதால், பின்னால் வரும் ஒவ்வொரு காரணமும் எதற்குப் பதில் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

எந்த முறை என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு சோதனை. நடுவில் உள்ள இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள். பொருள் குலைந்தால் அது சங்கிலி. குலையாவிட்டால் விளைவு முதல் முறைக்குப் போய்விடலாம்.

டைட்டானிக் பத்தியில் வினைச்சொல் தேர்விலும் கவனம் வேண்டும். கப்பல் மூழ்கியதற்குப் பனிப்பாறை மோதலே காரணம். அங்கே 'காஸ்ட்' (caused) என்று அடித்துச் சொல்லலாம். படகுப் பற்றாக்குறை இறப்புகளைக் கூட்டியது. அதற்கு 'கான்ட்ரிபியூட்டட் டு' போதும். 'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்' இரண்டும் நேரெதிர்த் திசைகளில் ஓடுபவை என்பதையும் மறந்துவிடக் கூடாது: முன்னதற்குப் பிறகு விளைவு வரும், பின்னதற்குப் பிறகு காரணம் வரும். 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'ஸோ' வேண்டாம். இரண்டில் ஒன்று போதும். 'தேர்ஃபோர்' இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியோடு ஒட்டவைக்காது. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ தேவை.

அப்படியானால் தொகுப்பு முறையை எறிந்துவிடலாமா? ஒற்றைப் பத்திக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இரண்டாவது எழுத்துப் பணி வேறு மாதிரி. 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். காரணங்கள் என்ன, விளைவுகள் என்ன என்று இரண்டு கேள்விகளாகவே கேட்டுவிட்டால், காரணத்துக்கு ஒரு பத்தி, விளைவுக்கு ஒரு பத்தி என்று பிரிப்பதே பாதுகாப்பு. இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருப்பதைத் தேர்வாளர் தேட வேண்டியதில்லை. ஆனால் காரணப் பத்தியின் உள்ளே நாலு காரணங்களைப் பெயர் மட்டும் சொல்லி அடுக்குவதைவிட, இரண்டை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கண்ணிகளில் குட்டிச் சங்கிலி கட்டுவது மேல். 'ஃபர்ஸ்ட்லி', 'செகண்ட்லி', 'தேர்ட்லி' என்று எண்ணிக்கொண்டு போகும் பத்தியில், எது எப்படி எதை உண்டாக்கியது என்ற விளக்கத்துக்கு இடமே மிஞ்சுவதில்லை.