ஒரே தராசில் பர்கரும் பப்ஸும்

கார் வைத்திருப்பவர்களுக்காகக் கட்டிய உணவகத்துக்கு அப்பா எங்களைப் பஸ்ஸில்தான் அழைத்துப் போவார். சென்னை கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அது. அந்த இடத்தில்தான் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. மர நிழலில் கார்கள் வரிசையாக நிற்கும். சர்வர் வந்து கார் சன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். உள்ளே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் அண்ணனும் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். சம்பளம் வந்தபின் வரும் முதல் ஞாயிறு மட்டும்தான் இந்தப் பயணம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சோளா பட்டூரா. பந்துபோல் உப்பி வரும் அதை யார் முதலில் குத்தி உடைப்பது என்று மாதாமாதம் சண்டை நடக்கும்.

இப்போது கணக்குப் பார்த்தால் அது எண்ணெயில் பொரித்த மைதா. வடக்கேயிருந்து வந்த பண்டம் வேறு. பாட்டி அதை ரப்பர் என்றுதான் சொல்வாள். ஆனாலும் என் நினைவில் அது ஒரு குற்றமும் செய்யாத உணவு.

இதைச் சொல்லக் காரணம், சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த வழக்கு. பதினொரு வயது மகனையும் ஏழு வயது மகளையும் பர்கர் கடைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னேன். "ஏம்மா, அந்தக் குப்பையையா குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பது?" என்று என் மாமியார் கேட்டார். கேட்டபோது அவர் கையில் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கி வந்த பேக்கரிப் பொட்டலம் இருந்தது. உள்ளே நான்கு முட்டை பப்ஸ், இரண்டு கிரீம் பன். அத்தைமீது எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதே கட்சிதான். நாம் தின்று வளர்ந்ததை விடுதலை செய்துவிட்டு, பிள்ளைகள் கேட்பதை மட்டும் கூண்டில் ஏற்றுகிறோம். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தால் என்ன என்று அன்று தோன்றியது.

போட்டியில் மூன்று பேர்: மெக்டொனால்ட்ஸ், கே.எஃப்.சி. வகையிலான பர்கர், சிக்கன் கடைகள். சரவண பவன் வகையிலான டிபன் ஹோட்டல்கள். தெருமுனை பேக்கரியும் அதன் பங்காளியான பஜ்ஜிக் கடையும். அழைக்காமலே நான்காவதாக ஒருவர் வருவார், அவரைப் பிறகு பார்ப்போம். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று பலகை மாட்டியிருப்பது பர்கர் கடையில் அல்ல, முட்டை ஃபிரைடு ரைஸ் கிண்டும் தள்ளுவண்டியில். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் இட்லி வந்து சேரும் டிபன் ஹோட்டலைவிட வேகமான உணவு எங்கே இருக்கிறது?

குழந்தைக்கு மரியாதை

இந்தச் சுற்றில் பர்கர் கடையை யாரும் நெருங்க முடியாது. பொம்மையோடு வரும் ஹேப்பி மீல் பெட்டியை மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் 1979-ல் கொண்டுவந்தது. வீட்டில் பணம் கொடுப்பவர் ஒருவர், கடையைத் தீர்மானிப்பவர் இன்னொருவர் என்பதை அது அன்றே புரிந்துகொண்டது. இந்தப் பொம்மையோடு அரசுகளே மல்லுக்கட்டியிருக்கின்றன. உப்பும் கொழுப்பும் கலோரியும் வரம்பு மீறிய சாப்பாட்டோடு பொம்மையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று சான்பிரான்சிஸ்கோ நகரம் 2010-ல் சட்டம் போட்டது. பொம்மைக்குத் தனியாகப் பத்து சென்ட் விலை வைத்து மெக்டொனால்ட்ஸ் அதைத் தாண்டிவிட்டது. சிலி நாடு 2016-ல் இன்னும் கறாராக இறங்கி, உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டங்களோடு பொம்மையைச் சேர்த்துக் கொடுப்பதையே தடுத்தது.

அந்தப் பொம்மை எங்கள் வீட்டில் இரண்டு நாள்தான் உயிரோடிருக்கும். மூன்றாம் நாள் சோபாவுக்கு அடியில் கிடக்கும். ஆனால் பொம்மை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கடையில் பலகையிலுள்ள படத்தைக் காட்டி என் மகளே கேட்கலாம். கையால் எடுத்துத் தின்னலாம், சிந்தினால் யாரும் முறைப்பதில்லை. வேண்டுமளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

டிபன் ஹோட்டலுக்குள் அதே ஏழு வயதுக் குழந்தை நுழைந்தால் என்ன நடக்கிறது? கை கழுவும் தொட்டி அவள் தலைக்கு மேல் இருக்கிறது. மேசை கழுத்தளவு. சர்வர் கேள்வியை என்னிடம்தான் கேட்கிறார், அவளிடம் கேட்பதில்லை. மூச்சுவிடாமல் அவர் ஒப்பிக்கும் பட்டியலில் அவளுக்குக் கடைசிப் பெயர் மட்டும் காதில் விழும், அதையே கேட்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுவிடும். அவள் விழுங்கும் ஒவ்வொரு வாயையும் நான்கு பேர் மேலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். குழந்தையை மனத்தில் வைத்து அந்த உலகம் யோசித்த ஒரே பண்டம், சாம்பாரில் மிதக்கும் பதினான்கு குட்டி இட்லிகள். யோசித்தவர் யாரோ, அவருக்கு என் கும்பிடு. அதை என் மகள் எண்ணி எண்ணித்தான் சாப்பிடுவாள்.

பேக்கரியில் இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. கண்ணாடி அலமாரி சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கிறது.

வயிற்றுக்குள் போவது

இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் திறந்தபோது மாட்டிறைச்சி இல்லாமலே திறந்தது. பிறகு இங்கே அதற்குப் பெயர் வாங்கித் தந்தது உருளைக்கிழங்கு டிக்கி வைத்த பர்கர். நம் போண்டாவைத் தட்டையாக்கிப் பன்னுக்குள் வைத்ததுபோல என்று சொன்னால் தப்பில்லை. உருளைக்கிழங்கு மசாலாவை மைதா அடுக்குக்குள் வைத்துச் சுட்டால் வெஜ் பப்ஸ். இரண்டுக்கும் இடையில் ஒழுக்க வேறுபாடு எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன். கொழுப்பு என்று பார்த்தால் பப்ஸ்தான் பின்தங்குகிறது. வெண்ணெயோ மார்கரினோ வனஸ்பதியோ தாராளமாகப் போகாமல் அந்த அடுக்குகள் பிரியவே பிரியாது. எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் இதயத்தைக் கெடுக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. அது பெரிய நிம்மதிதான். ஆனால் நம் தெரு பேக்கரிக்காரர் எந்த டின்னைத் திறந்தார் என்று நாம் கேட்டதுண்டா?

பர்கர் கடையின் உண்மையான வில்லன் பர்கர் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஜோடி: உப்புத் தூவிய உருளைக்கிழங்கு வறுவலும் கோலாவும். கோலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய பத்தரை கிராம் சர்க்கரை. ஐஸ்கட்டி போக 250 மில்லி என்று வைத்தாலும் 26 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். நாள் முழுக்கச் சேரும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் சேர்க்கும் சர்க்கரை இருக்க வேண்டும், அதிலும் பாதியானால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 1,700 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு அந்த மேல் வரம்பு 42 கிராம், நல்ல வரம்பு 21 கிராம். ஒரு கோப்பையிலேயே நல்ல வரம்பு தாண்டிவிடுகிறது. வாங்கும்போது 'சற்றுக் கூடக் கொடுத்தால் பெரியதாகக் கிடைக்கும்' என்ற கேள்வி வேறு வரும். அதற்கு வேண்டாம் என்று சொல்லிப் பழகுவதுதான் பெற்றோருக்கான முதல் பாடம்.

டிபன் ஹோட்டல் இங்கே சுலபமாக ஜெயிக்க வேண்டும். ஆவியில் வெந்த இட்லி, பருப்புப் போட்ட சாம்பார், பொங்கல். ஜெயிக்கிறதா என்றால், பாதிதான். பிள்ளைகள் இட்லி கேட்பதில்லை. நெய் ரோஸ்ட், பரோட்டா, பூரி, கோபி மஞ்சூரியன் என்றுதான் கேட்கிறார்கள். ரோஸ் மில்க்கின் சர்க்கரை கோலாவின் சர்க்கரைக்கு அத்தைமகள். போதாக்குறைக்கு, பணம் கட்டிவிட்டு வெளியே வரும் வழியில் இனிப்புக் கடையையும் வைத்துவிடுகிறார்கள். பொம்மை வைத்துப் பிள்ளையைப் பிடிப்பவனுக்கும், வாசலில் ஜாங்கிரி வைத்துப் பிடிப்பவனுக்கும் தொழில் ஒன்றுதான்.

ஆனால் ஒரு பெரிய வசதி டிபன் ஹோட்டலில் உண்டு. "எண்ணெய் குறைவாக ஒரு ஊத்தப்பம், காரம் வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது. சொன்னால் கேட்கிறார்கள். தோசைக்கல்லுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிறார், நம் பேச்சு அவருக்குப் போய்ச் சேர்கிறது. பர்கர் கடையில் மயோனைஸ் வேண்டாம், சீஸ் வேண்டாம் என்று சொல்லலாம். கழிக்க முடியுமே தவிர, சமையலை மாற்ற முடியாது.

எண்ணெய்ச் சட்டி

இந்த இடத்தில்தான் என் பழைய நம்பிக்கை நன்றாக அடி வாங்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்று சில சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி. பெரிய நிறுவனக் கடைக்கு இதைக் காப்பாற்ற வசதியும் இருக்கிறது, மாட்டிக்கொண்டால் ஊர் சிரிக்கும் என்ற பயமும் இருக்கிறது. எங்கள் தெரு பஜ்ஜிக் கடையை நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். சட்டியில் எண்ணெய் குறையக் குறையப் புது எண்ணெயை மேலே ஊற்றுவார்கள். அடியில் இருப்பது எந்தக் கிழமை எண்ணெய் என்று அந்தச் சட்டிக்குத்தான் தெரியும். மழை நாளில் அந்த வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டேதான் இதையும் சொல்கிறேன்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரியை எழுதிக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. பெரிய டிபன் ஹோட்டல்களுக்கும் இது பொருந்தும். என் மகன் இப்போது பலகையைப் படித்து என்னிடம் வாதாடுகிறான். ஒற்றைப் பேக்கரிக்கும் பஜ்ஜிக் கடைக்கும் இந்த விதி கிடையாது. எழுதாததால் அதில் கலோரியே இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நினைவு எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பஞ்சு மிட்டாயைவிட நல்ல சாட்சி இல்லை. திருவிழா, கடற்கரை, மணி அடித்துக்கொண்டு வரும் ஆள் என்று அதில் எத்தனை கவிதை! 2024 பிப்ரவரியில் ஆய்வு செய்து பார்த்தபோது, அந்த ரோஜா நிறத்தில் துணிச் சாயமான ரோடமின்-பி இருந்தது. முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை விதித்தன. அடுத்த ஆண்டு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு ஓராண்டுத் தடை போட்டது. முன்னது நம் பால்யம், பின்னது இவர்களுடைய பால்யம். இரண்டுமே ஒரே சட்டத்தில்தான் பிடிபட்டன.

இதற்கெல்லாம் அப்பால், எந்தக் கணக்கிலும் தலைகுனியாமல் நிற்பது கடற்கரையில் கிடைக்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல்தான். அதைப் போட்டியில் சேர்த்தால் மற்றவர்களுக்கு அநியாயம் என்பதால் சேர்க்கவில்லை.

செலவு

சுருக்கமாக முடிக்கலாம். பர்கர் பணக்காரத் தீனி, டிபன் நடுத்தர வர்க்கத்துக்கு என்ற காலம் போய்விட்டது. நாங்கள் நான்கு பேர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டு, காபியும் குடித்து எழுந்தால், பர்கர் கடைக் கணக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. பேக்கரி மட்டும் இன்னும் சில்லறையில் முடிகிறது. அதனாலேயே ஆபத்தும் அதிகம். மாதம் ஒருமுறை போகும் கடையைப் பற்றிக் குடும்பமே கூடி விவாதிக்கிறது. பள்ளி விட்டு வரும் வழியில் தினமும் வாங்கும் கிரீம் பன்னைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்தவற்றைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. எங்கள் பள்ளிக்கருகில் பேக்கரி 51-வது மீட்டரில் இருக்கிறதுபோல.

அழையா விருந்தாளி

நான்காவது போட்டியாளர் என் கைப்பேசியில் இருக்கும், சாப்பாடு வரவழைக்கும் செயலி. மழை, தலைவலி, அலுவலகத்தில் தாமதம் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்ததும் விரல் அதன்மேல் போய்விடுகிறது. மேலே சொன்ன எல்லாக் கடைகளும் அதற்குள் இருக்கின்றன. பிள்ளைகள் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் பெட்டியைத் திறக்கிறார்கள். வறுவல் நமுத்துப் போயிருக்கிறது. ஆனாலும் காலியாகிறது. என்ன சாப்பிட்டாய் என்று மறுநாள் கேட்டால் மகனுக்கு நினைவில்லை.

என் கணக்கில் கடைசி இடம் இதற்குத்தான். பர்கரா பப்ஸா என்பதைவிட, கிளம்பிப் போனோமா என்பதில் எனக்கு அக்கறை அதிகமாகிவிட்டது. அப்பா காலத்தில் வருமானம் தானாகவே வரம்பு போட்டுக் கொடுத்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு பேருக்கு ஒரு தட்டு. அவர் ஒழுக்கமான தந்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரிடம் காசு இல்லை என்பதுதான் விஷயம். எங்களிடம் காசு இருக்கிறது. ஆகவே இல்லை என்று சொல்லும் வேலை எங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போதைக்கு வீட்டில் ஓடும் ஏற்பாடு இது. டிபன் ஹோட்டலுக்கு மாதம் இரண்டு முறை, கூட்டம் வருமுன் காலை ஏழரைக்கே. பர்கர் கடைக்கு வருடத்தில் நான்கு முறை, பொம்மையோடு, கோலா இல்லாமல். பேக்கரிக்குச் சனிக்கிழமை மட்டும். இதற்கு அத்தையின் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது, கொஞ்சம் முறைத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். கைப்பேசியில் அந்தச் செயலியை நீக்கிவிட்டேன். என் கணவரின் கைப்பேசியில் அது இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

மகளுக்கு வரும் மாதம் எட்டு வயது முடிகிறது. பர்கர் கடைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பிறந்த நாளுக்கும் கோலா கிடையாதா என்பதில் மட்டும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.