வைஃபையை அணைச்சாலும் வேலை செய்யணும்: பிடிஎஃப்பைப் படமா மாத்துற என் அனுபவம்

சிங்கப்பூர்ல வாடகைக்கு ரூம் பாத்தாலும் சரி, புது வேலைக்குப் போனாலும் சரி, சிபிஎஃப் (இங்கத்த சேமநிதி) ஸ்டேட்மென்ட் குடு, பேஸ்லிப் குடுன்னு கேப்பாங்க. நம்மகிட்ட இருக்குறது பிடிஎஃப், அவங்களுக்கு வேணுங்கறது படம். நெட்ல தேடினா ஃப்ரீயா மாத்தித் தர்ற சைட் வரிசையா வரும், ஆனா முக்காவாசி அப்லோட் பண்ணுன்னுதான் சொல்லும். ஐசி (அடையாள அட்டை) நம்பர், சம்பளம், வீட்டு அட்ரஸ் எல்லாம் இருக்குற பேப்பரை யாரோ ஒருத்தர் சர்வருக்கு எதுக்கு அனுப்பணும்? கொஞ்ச நேரத்துல அழிச்சிடுவோம்னு போட்டிருப்பாங்க, அழிச்சாங்களான்னு நாம போய்ப் பாக்கவா முடியும்? 2025 மார்ச்ல எஃப்பிஐயோட டென்வர் ஆபீஸ் கூட இந்த ஃப்ரீ கன்வெர்ட்டர் பேர்ல மால்வேர் பரவுதுன்னு எச்சரிக்கை விட்டுச்சு.

நான் ரொம்ப நாளா லேப்டாப்ல வச்சிருக்கிறது பாப்ளர்னு பிடிஎஃப்பைக் கையாளுற ஒரு சாஃப்ட்வேர். இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதுல பிடிஎஃப்டுபிபிஎம்னு ஒரு கமாண்ட் இருக்கு, டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற விண்டோல, ஒரே வரி அடிச்சா ஒவ்வொரு பக்கமும் தனித்தனி படமா அதே ஃபோல்டர்ல வந்து விழும். ஒண்ணும் சொல்லலன்னா 150 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு இத்தனை புள்ளின்னு கணக்கு), ஏ4 பக்கம் கிட்டத்தட்ட 1240க்கு 1754 பிக்சல், ஃபோன்ல படிக்க தாராளம். பிரிண்ட் எடுப்பாங்கன்னா 300 வைப்பேன், ஆனா பிக்சல் நாலு மடங்கு ஆயிடும், ஃபைலும் பெருசாகும். பட ஃபார்மேட், எழுத்து மட்டும்னா பிஎன்ஜி, ஸ்கேன் பண்ணினதுன்னா ஜேபெக்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மறைக்கிற விஷயம். பிடிஎஃப்ல ஐசி நம்பர் மேல கறுப்புக் கட்டம் போட்டு அப்படியே அனுப்புறாங்க, கீழே எழுத்து பத்திரமா இருக்கும், செலக்ட் பண்ணி காப்பி எடுத்தா வந்துரும். கட்டம் போட்டு படமா மாத்திட்டா அந்த இடத்துல வெறும் கறுப்பு பிக்சல்தான். ஒண்ணு கவனிங்க, ஃபோன்ல இருக்குற மார்க்கர் பேனாவால கிறுக்காதீங்க, அது லேசா ஊடுருவித் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினா நம்பரைப் படிச்சிடலாம்.

குறை இல்லாம இல்ல. படத்துல தேட முடியாது, நீளமான அக்ரிமென்ட்டுக்கு லாயக்கில்ல, பாஸ்வேர்ட் போட்ட ஃபைலுக்கு பாஸ்வேர்டையும் கமாண்ட்லயே குடுக்கணும்.

டெர்மினல்னாலே எங்க அக்காவுக்கு அலர்ஜி. அவங்க மேக்லயே இருக்குற ப்ரிவ்யூ ஆப்ல திறந்து எக்ஸ்போர்ட் குடுத்துக்குவாங்க, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான், ஒரு பேஸ்லிப்புக்கு அது போதும். பிரவுசர்லயே மாத்துறோம், எதையும் அனுப்பலன்னு சொல்ற சைட்டும் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் பிடிஎஃப்பைக் காட்டுறதே பிரவுசருக்குள்ளயே ஓடுற மொசில்லாவோட பிடிஎஃப்.ஜேஎஸ்ங்கற புரோகிராமை வச்சுத்தான், அதனால அது நடக்காத காரியம் இல்ல. ஆனா நம்புறதுக்கு முன்னாடி பக்கம் லோட் ஆனதும் வைஃபையை அணைச்சிட்டு அப்புறம் ஃபைலைப் போடுங்க. நெட் இல்லாமலே மாத்திக் குடுத்தா படத்தை சேவ் பண்ணி, டேபை மூடிட்டு, அப்புறமா வைஃபையைப் போடுங்க. வாட்ஸப்ல அனுப்பும்போது ஃபோட்டோவா போடாம டாக்குமென்ட்டா போடுங்க, இல்லன்னா சின்ன எழுத்தெல்லாம் மங்கிப் போயிடும்.