கூலண்ட்ல ஊத்துற அடிட்டிவ் நம்ம ஊர் ஓட்டத்துக்கு தேவையா? ரொம்ப நாள் ஓட்டி பாத்த அனுபவம்

எஞ்சின் சூட்ட எடுக்க ரேடியேட்டர்ல ஊத்துற கூலண்ட் கூட கலந்து ஊத்துற ஒரு சின்ன பாட்டில் விக்குறாங்கல்ல, ஊத்துனா எஞ்சின் சூடு நல்லா கொறையும்னு சொல்லி, அத எனக்க வண்டியில ஒரு கூலண்ட் மாத்துனதுல இருந்து அடுத்தது மாத்துற வரைக்கும் போட்டு ஓட்டியாச்சு, அதுக்கப்புறம் வெறும் கூலண்ட் மட்டும் போட்டு ஓட்டிட்டு வாறேன். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் கார், கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு. தெனமும் நாகர்கோவில் மார்த்தாண்டம், எடையில திருநெல்வேலி. நேராவே சொல்லிடுறேன், ரோட்டுல ஓடுற சாதாரண வண்டிக்கு இது வேண்டாம்.

ஓபிடி டாங்கிள், அதாவது வண்டி கம்ப்யூட்டர் காட்டுற விவரத்த போனுக்கு அனுப்புற சின்ன கருவி, மாட்டி போன்ல டெம்பரேச்சர் பாத்துட்டே ஓட்டுனதால சொல்லுறேன். காலி ரோட்டுல 88, 90 டிகிரி. மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில சாயந்தரம் மாட்டிக்கிட்டா, ஏசி ஆஃப்ல இருந்தா 96 வரைக்கும் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், 91க்கு எறங்கும், திருப்பி ஏறும். ஆடி மாசம் திருநெல்வேலியில இருந்து வரும்போது ஆரல்வாய்மொழி கணவாயில எதிர்காத்து வண்டிய பிடிச்சு நிறுத்துற மாதிரி அடிக்கும், ஆக்சிலேட்டர நல்லா மிதிக்கணும், அப்பவும் 90 தான். அடிட்டிவ் இருந்தப்பவும் இதே நம்பர், இப்ப இல்லாதப்பவும் இதே நம்பர்.

ஏன்னா சூட்ட தீர்மானிக்கிறது தெர்மோஸ்டாட், சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலண்ட ரேடியேட்டருக்கு விடுற வால்வு. பெரும்பாலான வண்டியில 82ல இருந்து 88 டிகிரிக்குள்ள அது தெறக்க ஆரம்பிக்கும், அதுக்கு கீழ எறங்குனா தானா மூடிக்கிடும். ரேடியேட்டர் நல்லா குளிர வச்சாலும் தெர்மோஸ்டாட் விடாது, விடவும் கூடாது, எஞ்சின் அந்த சூட்டுல ஓடுனாதான் ஆயில் சரியா வேல செய்யும், மைலேஜும் சரியா வரும். ட்ராஃபிக்ல நிக்கும்போது ஃபேன் எப்ப ஓடணும்னு ஈசியு, அதாவது எஞ்சினோட கம்ப்யூட்டர், பாத்துக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல பாட்டிலுக்கு என்ன வேல இருக்கு?

அதுக்காக அது ஏமாத்து சரக்குன்னு சொல்லல. ரெட் லைன் வாட்டர் வெட்டர் மாதிரி சரக்கு, தண்ணியோட பரப்பு இழுவிசைய கொறைக்கும். சிலிண்டர் ஹெட்ல ரொம்ப சூடான எடத்துல நீராவிக் குமிழ் ஒட்டிக்கிட்டு நின்னா அங்க சூடு தண்ணிக்கு எறங்காது, இது அந்த குமிழ சீக்கிரம் கழட்டி விடும். ஆனா முழுப் பலன் வெறும் தண்ணியில தான். கிளைக்கால், அதாவது உறையாம வைக்கிற திரவம், கலந்த கூலண்ட்ல பரப்பு இழுவிசை ஏற்கனவே தண்ணிய விட கம்மி, அதனால அங்க வித்தியாசம் கொஞ்சமாத்தான் இருக்கும். நெறைய ரேஸ் டிராக்ல கிளைக்காலுக்கு அனுமதி கெடையாது, ஒழுகுனா ரோடு வழுக்கும், அங்க தண்ணி மட்டும் ஊத்தி ஓட்டுறவங்களுக்கு இது நல்ல சரக்கு.

நம்ம மாவட்டத்துல ரேடியேட்டர கொல்லுறது வேற ஒண்ணு, கிணத்து வெள்ளமும் போர் தண்ணியும். சொந்தக்கார அண்ணன் ஒருத்தருக்க வண்டி, குளச்சல் பக்கம், சூடு ஏறுதுன்னு தக்கலையில ஒரு வர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனோம். மெக்கானிக் ஆற வச்சு மூடிய தெறந்து பாத்துட்டு "அண்ணாச்சி, இது கூலண்டா கட்டன்சாயாவா"ன்னு கேட்டாரு. மேல் ஹோஸ கழட்டுனா உள்ள அலுமினிய வாயில வெள்ளையா உப்பு படிஞ்சு கெடக்கு, நகத்தால சொரண்டுனா பொடி பொடியா கொட்டுது, அதுக்கு கீழ உலோகம் குழி குழியா அரிச்சிருக்கு. கடக்கர கிணத்துல உப்பு ஜாஸ்தி, அந்த குளோரைடு அலுமினியத்த அரிக்கும், சுண்ணாம்பு சூடான எடத்துல படிஞ்சு சூடு எறங்க விடாது. இந்த வண்டியில எந்த பாட்டில ஊத்தி என்ன ஆகப் போவுது சொல்லுங்க. ஃப்ளஷ் பண்ணி, ரேடியேட்டர் மாத்தி, மூடியும் மாத்துன பெறகுதான் சரியாச்சு.

மூடியப் பத்தி யாருமே யோசிக்க மாட்டேங்குறாங்க. கிளைக்காலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்துல ஏறக்குறைய 107 டிகிரில கொதிக்கும், மூடி 1 பார் அழுத்தம் பிடிச்சா 120 தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் போன மூடி இந்த பாதுகாப்ப அப்பிடியே எடுத்துடும். விலையும் ரொம்ப கம்மி. சூட்டோட தெறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும்.

"நம்ம ஊர்ல ஐஸா உறையுது, கூலண்ட் எதுக்கு"ன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. உறையாம இருக்க மட்டும் இல்ல, துரு தடுக்குற மருந்து அதுக்குள்ள தான் இருக்கு. காலம் போகப் போக அந்த மருந்து தீரும், பழைய பச்சை வகை ரெண்டு வருசம், ஆர்கானிக் ஆசிட் மருந்து உள்ள ஓஏடி வகை பொதுவா அஞ்சு வருசம். கலர பாத்து வாங்காதீங்க, கலருக்கு எந்த சட்டமும் இல்ல, பாட்டில்ல ஐஎஸ் 5759 இல்லன்னா ஏஎஸ்டிஎம் டி3306ன்னு தர நம்பர் போட்டிருக்கான்னு பாத்து, வண்டி மேனுவல்ல சொன்ன வகைய வாங்குங்க. வேற வேற வகைய கலந்தா மருந்து ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டு ஆயுசு கொறையும், கூட ஒரு அடிட்டிவும் ஊத்துனா உள்ள என்ன நடக்குன்னு யாருக்கும் தெரியாது. தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குனா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேருங்க. அவசரத்துக்கு வழியில குழா தண்ணி ஊத்த வேண்டி வந்தா ஊத்துங்க, எஞ்சின் சீஸ் ஆகுறத விட அது மேல், ஆனா வீட்டுக்கு வந்ததும் மொத்தமா வடிச்சு மாத்திடுங்க.

ஒழுக்க அடைக்கிற பவுடர் எனக்கு சுத்தமா பிடிக்காது. ஓட்டையையும் அடைக்கும், ரேடியேட்டருக்க மெல்லிய குழாயையும் சேத்து அடைக்கும். நடுவழியில வீடு வந்து சேர வேற வழியே இல்லன்னா மட்டும்.

வடிச்ச பழைய கூலண்ட வாய்க்கால்லயோ தென்னந்தோப்புலயோ ஊத்தாதீங்க. அது இனிக்கும், நாயும் ஆடும் நக்கும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயி செத்துரும். கேன்ல பிடிச்சு மூடி வர்க்‌ஷாப்ல குடுங்க.